ஆளுக்கொரு காது

1939 மே 16-ல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. அதன்பின் வீட்டுக்கு ஒரு ரேடியோ, எல்லோருக்கும் ஒரே பாட்டு. பிடிக்காவிட்டாலும் கேட்டே தீர வேண்டும். என்ன அராஜகம்! நல்லவேளையாக 1979-ல் வாக்மேனும் 2001-ல் ஐபாடும் வந்து மனிதகுலத்தை மீட்டன.

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் எங்கள் வீட்டுக்கு அந்த விடுதலை போன ஆடித் தள்ளுபடியில்தான் முழுமையாகக் கிடைத்தது. குடும்பமாக என்.எஸ்.பி. ரோடு போய், ஒருமித்த கருத்து ஏற்படாததால் ஆளுக்கொன்று வாங்கினோம். பாட்டிக்கு 5,000 பாட்டோடு வரும் கார்வான். "இத்தனையும் கேட்டு முடிக்கற வரைக்கும் பெருமாள் என்னைக் கூப்பிடமாட்டார்" என்று பாட்டிக்குத் தெம்பு. அப்பாவுக்குக் கழுத்தில் மாட்டும் ப்ளூடூத். அம்மாவுக்கும் அக்காவுக்கும் இயர்பட்ஸ். எனக்குப் பெரிய ஹெட்ஃபோன்.

இப்போது வீட்டில் சண்டையே இல்லை. சண்டை போட எதிராளி சொல்வது கேட்க வேண்டுமே! அடுக்களையிலிருந்து அம்மா "காபி ஆறிப்போறது" என்று வாட்ஸ்அப்பில் தட்டுவாள். நீல டிக் விழுந்தால்தான் டபராவில் காபி இறங்கும். கல்யாணப் பேச்சுக்கூட குரூப்பில்தான். அக்கா கட்டைவிரல் காட்டிச் சம்மதம் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டாருக்கும் இதே வசதி இருப்பதால் பொருத்தம் பிரமாதம்.

ஒரே ஒரு கருவிக்கு மட்டும் ஐந்து பேரும் காதைத் திறந்துகொண்டு வாசலுக்கு ஓடுகிறோம்: பாட்டு போட்டுக்கொண்டு வரும் குப்பை வண்டி. ஒலித்தரம் சுமார்தான். ஆனாலும் அந்த மாடல் எந்தக் கடையில் கிடைக்கும் என்று அப்பா விசாரித்துக்கொண்டிருக்கிறார்.