உறைக்கு ஓர் உறை

எங்கள் வீட்டு டிரான்சிஸ்டரை நான் முழுசாகப் பார்த்தது இரண்டே தடவைதான். 1974-ல் அப்பா வாங்கி வந்த அன்று ஒரு தடவை, அது செத்துப்போன அன்று ஒரு தடவை. இடையில் பதினோரு வருஷம் அது தோலுறைக்குள் குடித்தனம் நடத்தியது.

அந்தக் காலத்து டிரான்சிஸ்டர்கள் உறையோடுதான் பிறந்தன. காப்பிப்பொடி நிறத்தில் தடித்த தோல். ஸ்பீக்கருக்கு நேராக வரிசை வரிசையாகத் துளைகள், ஸ்டேஷன் முள் தெரிய ஒரு நீளச் சதுரம், திருகும் குமிழுக்கு ஒரு வட்டம், பின்னால் இரண்டு அமுக்குப் பொத்தான்கள், தோளில் மாட்ட ஒரு வார். பாளையங்கோட்டையில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த அப்பாவுக்கு அதன் விலை மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். அதனால் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே அவருக்கு ஒரு கவலை வந்துவிட்டது. ரேடியோவைத் தோல் பார்த்துக்கொள்ளும், தோலை யார் பார்த்துக்கொள்வது?

அம்மா பழைய வெல்வெட் ரவிக்கை ஒன்றைப் பிரித்துத் தோலுறைக்கு ஒரு மேலுறை தைத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தோலில் இருந்த துளைகள் வெல்வெட்டில் இல்லை, அவ்வளவுதான் குறை. இலங்கை வானொலி எங்கள் பக்கத்தில் உள்ளூர் ஸ்டேஷன் மாதிரி கேட்கும். தெருவே கே.எஸ்.ராஜாவின் மடமடப் பேச்சில் துள்ளிக்கொண்டிருக்க, எங்கள் வீட்டில் மட்டும் அவர் போர்வைக்குள் படுத்துக்கொண்டு பேசுவார்.

"சத்தமே கேக்கலியே" என்றேன் ஒரு நாள்.

"ஏல, கிட்ட வந்து கேளு. சத்தம் கொறஞ்சா என்ன கொறஞ்சு போச்சு? தோல்ல கீறல் விழுந்தா போகுமா?" என்றார் அப்பா.

வருஷா வருஷம் தபால் ஆபீஸில் பணம் கட்டி முத்திரை வாங்கும் ரேடியோ லைசென்ஸ் புத்தகத்துக்கும் அப்பா பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் சித்திரம் முழுமை அடையாது.

அவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடக் கூடாது. உறை போடுவதில் ஒரு கணக்கு இருந்தது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் பழுப்பு அட்டைத் தாளை வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். எனக்கும் தங்கைக்கும் சேர்த்துப் பதினான்கு, பதினைந்து புத்தகம். ஓரத்தை மடித்து, மூலையை வெட்டி, முதுகெலும்பை நகத்தால் நீவி அவர் அட்டை போடும் நேர்த்தி பைண்டிங் கடைக்காரருக்கு வராது. தாள் தீர்ந்துபோனால் பழைய மாதக் காலண்டர். என் கணக்குப் புத்தகத்துக்கு ஒரு வருஷம் முழுக்க முருகன் காவல் இருந்திருக்கிறார், வழவழப்பான பக்கத்தை உள்ளே வைத்தால் மட்டும் அவர் தெரியமாட்டார். வருஷக் கடைசியில் உறையைக் கழற்றினால் புத்தகம் அச்சகத்திலிருந்து வந்தது போல இருக்கும். அடுத்த தெருப் பையனுக்கு அரை விலைக்கு விற்போம், அவன் முக்கால் விலை கொடுக்கலாமா என்று யோசிக்கும்படி இருக்கும். அந்தக் காலத்தில் ஒரு பொருளுக்கு உறை போட்டார்கள் என்றால், அது இன்னொரு கைக்குப் போகப் போகிறது என்று அர்த்தம்.

ஆச்சிக்கு இந்த உறை விவகாரமே பிடிக்காது. அவளுக்குத் தெரிந்த உறையெல்லாம் மரத்தில் காய்த்தவை. நெற்று விழுந்த தேங்காயைக் காதோரம் ஆட்டிப் பார்ப்பாள். மூன்று கண்ணில் எது இளக்கமான கண் என்று விரல் வைத்தே சொல்லிவிடுவாள். முளை வெளியே வர அந்த ஒரு கண்ணைத்தான் தென்னை விட்டு வைத்திருக்கிறது, மற்ற இரண்டும் பேருக்குக் கண். விளாம்பழத்தைத் தரையில் போட்டுப் பார்த்தே வாங்குவாள். துள்ளினால் காய், 'பொத்' என்று இருந்த இடத்திலேயே இருந்தால் பழம். உடைத்த பிறகு ஓட்டுக்கும் வேலை உண்டு. சிரட்டையில் கம்பு செருகினால் அகப்பை, எரித்தால் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி, குழம்பு கொதிக்கும்போது விறகுக்குத் துணை. கன்னியாகுமரிப் பக்கம் போனால் ரப்பர் மரத்தில் பால் பிடிக்கவும் அதைத்தான் கட்டியிருந்தார்கள். இன்று அதே சிரட்டையைப் பாலீஷ் போட்டு, அட்டைப் பெட்டியில் வைத்து, குமிழ்க் காகிதம் சுற்றி இணையத்தில் விற்கிறார்கள். ஓட்டுக்கே உறை என்றால் ஆச்சி என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அச்சிட முடியாது.

டிரான்சிஸ்டர் 1985-ல் செத்தது. ஒரு காலையில் குமிழைத் திருப்பினால் மூச்சில்லை. அப்பா வெல்வெட்டைக் கழற்றினார், தோலின் பொத்தான்களைப் பிரித்தார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அதன் உடம்பை இரண்டாவது முறையாகப் பார்த்தேன். கருநீலம். ஓரத்தில் வெள்ளிக் கோடு. ஒரு கீறல் இல்லை. அண்டை வீட்டுக்காரர் வந்து பார்த்து, "நேத்துதான் வாங்கினாப்ல இருக்கே!" என்று மூக்கில் விரல் வைத்தார். பின்மூடியைத் திறந்தால் உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பொங்கி வழிந்திருந்தது. பேட்டரி ஒழுகிவிட்டது.

அந்தப் பழைய பேட்டரிகளின் குணம் அது. அதன் கூடு துத்தநாகத் தகடு. அந்தக் கூடுதான் மின்சாரத்துக்கு மூலப்பொருளும். பாட்டுக் கேட்கக் கேட்க அது கரைந்துகொண்டே வந்து, ஒரு நாள் ஓட்டை விழுந்து, உள்ளே இருக்கும் ரசம் வெளியே வந்து ஸ்பிரிங்கையும் கம்பியையும் தின்றுவிடும். தீர்ந்த பேட்டரியை உடனே எடுத்துப் போட்டிருந்தால் ரேடியோ பிழைத்திருக்கும். அதற்கு இரண்டு உறையைக் கழற்ற வேண்டும். கழற்றினால் பொத்தான் தளர்ந்துவிடும் என்று அப்பா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். தேரை விழுந்த தேங்காய் என்பார்கள் எங்கள் ஊரில். ஓடு முழுசாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தோலுக்கு ஒண்ணும் ஆகல" என்றார்.

பிறகு டி.வி. வந்தது. ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பி ரூபவாஹினியைப் பிடித்துப் பார்த்த காலம். மரப்பெட்டி, இழுத்து மூடும் பலகைக் கதவு, அதற்குப் பூட்டு, பூட்டியதன் மேல் பூப்போட்ட துணி. பரீட்சை மாதத்தில் சாவி அப்பாவின் அரைஞாணில். என் கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக் கொடுத்த கெட்டிப் பிளாஸ்டிக் வி.ஐ.பி. பெட்டி, கீறாமல் இருக்கக் காக்கிக் கித்தான் உறைக்குள் நெல்லை எக்ஸ்பிரஸில் பயணம் செய்தது, சங்கிலியால் சீட்டோடு கட்டிய கைதியாக. கீறல் விழக் கூடாது என்றுதான் கெட்டிப் பெட்டியே கண்டுபிடித்தார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. எனக்கும் அப்பாவின் ரத்தம்தானே.

இதெல்லாம் பழைய கதை, நாம் வளர்ந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டுதான் சில வருஷத்துக்கு முன் ஒரு செல்போன் கடைக்குப் போனேன். கூடவே மனைவி. நிறம் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம். புடவைக் கடையில் பழகிய கண் அல்லவா! "இந்த மயில் கழுத்து கலரப் பாருங்க, வெளிச்சத்துல திருப்பினா பச்சை அடிக்குது" என்று கடைசியில் ஒன்றைக் காட்டினாள். உண்மையிலேயே அழகு. அந்த நிறத்துக்காகவே ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தோம். பில் போட்ட கையோடு கடைப்பையன் கேட்டான்:

"பேக் கவர் போட்டுரட்டுமா சார்? டெம்பரும் ஒட்டிரலாம்."

மயில் கழுத்து ஒரு நிமிஷத்தில் கரிச்சட்டி நிறத்துக்குள் போய்விட்டது. கண்ணாடி மாதிரி தெரியும் கவரும் இருந்தது. ஆனால் அது வெயிலும் கை எண்ணெயும் பட்டுச் சில மாதத்தில் பழைய ஜாதகம் போல மஞ்சளாகிவிடும் என்று பையனே எச்சரித்தான். நேர்மையான பையன்.

"டெம்பர் எப்படிப்பா, தாங்குமா?"

"இது 9ஹெச் சார். கல்லு மாதிரி."

நான் பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் வரைவாளராக இருந்தவன். ஹெச் என்றால் எனக்குப் பென்சில்தான் ஞாபகம் வரும். 2ஹெச்-சில் கோடு போட்டு, 4ஹெச்-சில் மெல்லிய கோடு இழுத்து வாழ்ந்தவன். அவன் சொன்ன 9ஹெச்-சும் அந்தப் பென்சில் கணக்குதான். பூச்சு எவ்வளவு கெட்டி என்று பார்க்கப் பென்சிலால் கீறிப் பார்க்கும் ஒரு சோதனை உண்டு. 9ஹெச் பென்சில் கீறாது, அவ்வளவே அதன் பொருள். சட்டைப் பையில் பென்சிலோடு கிடந்தால் இந்தக் கண்ணாடிக்குப் பயமில்லை. மணலோடு கிடந்தால் அது வேறு கதை. இதை அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், போனின் சொந்தக் கண்ணாடியே சாமான்யமானது இல்லை. உருகிய பொட்டாசியம் உப்பில் அதை ஊறவைக்கிறார்கள். மேல்பரப்பில் இருக்கும் சின்னச் சோடியம் அயனிகள் வெளியேற, அந்த இடத்தில் பெரிய பொட்டாசியம் வந்து உட்காரும். பஸ்ஸில் ஒல்லியானவர் எழுந்த இடத்தில் தடித்தவர் உட்கார்ந்தால் வரிசையே இறுகுமே, அந்த இறுக்கம்தான் கண்ணாடிக்குப் பலம். இவ்வளவு பாடுபட்டு இறுக்கிய கண்ணாடியின் மேல் நூற்றைம்பது ரூபாய்க் கண்ணாடி ஒன்றைக் காவல் போடுகிறோம். ஆறு மாதத்தில் காவல்காரனுக்கு மூலையில் விரிசல். அந்த விரிசல் வழியாகத்தான் இரண்டு வருஷம் பேப்பர் படித்தேன், பேரனின் முகத்தைப் பார்த்தேன். "தாத்தா, ஒடஞ்சிருக்கு" என்பான். "டெம்பர்தாண்டா, உள்ள நல்லாருக்கு" என்பேன். சொல்லும்போது குரலில் அப்பா எட்டிப் பார்ப்பார்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். டி.வி. ரிமோட் பாலித்தீன் உறைக்குள், எண்கள் தெரியாதபடி. ஃபிரிட்ஜுக்குத் தலைப்பாகை, கைப்பிடிக்குக் கையுறை. வாஷிங் மெஷினுக்குப் பைஜாமா. அக்கம்பக்கத்தில் ஒருவர் கார் வாங்கி நான்கு வருஷமாகிறது, சீட்டின் பாலித்தீனை இன்னும் உரிக்கவில்லை, சித்திரை வெயிலில் அதில் உட்கார்ந்து எழுந்தால் சட்டை கூட வராது. மூக்குக் கண்ணாடிக்கு 'டப்' என்று மூடும் இரும்பு நெஞ்சுக்காரப் பெட்டி கொடுத்தார்கள். பெட்டி அலமாரியில் பத்திரமாக இருந்த ஒரு மதியம் கண்ணாடியின் மேல் நானே உட்கார்ந்தேன்.

தலைக்கு மட்டும் உறை போடச் சொன்னால் நமக்கு ரோஷம் வந்துவிடும். 2007 ஜூனில் ஹெல்மெட் கட்டாயம் என்றார்கள், கொஞ்ச நாள் போட்டுவிட்டு மறந்தோம். உயர் நீதிமன்றம் சொல்லி 2015 ஜூலை 1 முதல் மறுபடி கட்டாயம் என்றதும் ஊரே ஹெல்மெட் கடை வாசலில் நின்றது. நானும் நின்று வாங்கினேன், ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்துத்தான். வாங்கிய பிறகு அது பெட்ரோல் டேங்கின் மேலும் முழங்கையிலும் சவாரி செய்தது. ஒரு நாள் போலீஸுக்குப் பயந்து தலையில் வைத்த வேளையில், முருகன்குறிச்சி தாண்டி ஒரு நாய் குறுக்கே வந்தது. விழுந்தேன். தலை தரையில் மோதிய சத்தம் எனக்கே வேறு யாருடைய தலையோ மோதியது போலக் கேட்டது. எழுந்து முதலில் தடவிப் பார்த்தது எதை என்று நினைக்கிறீர்கள்? போனை.

ஹெல்மெட்டில் கீறல் மட்டும்தான். தூக்கிப் போடச் சொன்னான் மகன். "நல்லாத்தானே இருக்கு!" என்றேன். "அப்பா, வெளி ஓட்டப் பாக்காதீங்க. உள்ள இருக்க தெர்மோகோல் ஒரு தடவை நசுங்கினா அதோட அதுக்கு வேலை முடிஞ்சு போச்சு. அது நசுங்கினதாலதான் உங்க மண்டை நசுங்கல" என்றான். அவன் சொன்னது சரி. புதுசு வாங்கிக் கொடுத்தான். அதனுடன் ஒரு துணிப்பையும் இலவசமாக வந்தது, ஹெல்மெட்டில் கீறல் விழாமல் இருக்க. மூன்று மாதமாக அந்தப் பைக்குள்தான் ஹெல்மெட் இருந்தது. மகன் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

போன மாதம் போனை எக்ஸ்சேஞ்சில் போடக் கடைக்குப் போனோம். பேட்டரி உப்பத் தொடங்கியிருந்தது. பேக் கவர் புளியங்காய் ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது, பையன் நகத்தைக் கொடுத்து நெம்பினான். உள்ளே மயில் கழுத்து. வெளிச்சத்தில் திருப்பினான், பச்சை அடித்தது. மனைவி கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு அழகான கலர்ல?" என்றாள், யாருடைய போனையோ பார்ப்பது போல.

"சூப்பரா வச்சிருக்கீங்க சார், ஒரு கீறல் இல்ல" என்றான் பையன். பேட்டரியைக் காட்டி விலையில் பாதியைக் குறைத்தான். நாங்கள் புதுப் போனுக்கு நிறம் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தோம். இந்த முறை தங்கம்.

அப்பாவின் டிரான்சிஸ்டர் பழைய இரும்புக்காரரிடம் போய் எத்தனையோ வருஷமாகிறது. தோலுறை மட்டும் என்னிடம் இருக்கிறது, பொத்தான்கூடத் தளரவில்லை. அதற்குள் இப்போது பழைய பேக் கவர்கள் ஏழு இருக்கின்றன.