அரை தோசைக் கணக்கு

கோயம்புத்தூரில் ஒரு பெண் குண்டாகிறாள் என்ற செய்தி முதலில் தையல்காரருக்குத் தெரியும். அடுத்து கல்யாண மண்டபத்துக்கு. எடை மெஷின், டாக்டர், சம்பந்தப்பட்ட பெண் எல்லாம் அதற்கப்புறம்தான். சேலை தாராள மனசுள்ள உடை; பாவாடை நாடாவும் முடிந்தவரை விட்டுக்கொடுக்கும். ஜாக்கெட்தான் காட்டிக்கொடுக்கும். "அக்கா, இனிப் பிரிச்சு உடறக்கு உள்ளார துணி இல்லீங்" என்று எங்கள் தெருத் தையல்காரர் சொன்னபோது எனக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. மாதவிலக்கு, இஷ்டமிருந்தால் வருவேன் என்ற நிலைக்குப் போயிருந்தது. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்காம். நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் நின்றுவிடுகிறது. எனக்குக் கொஞ்சம் தாமதம். எங்கள் வீட்டில் எல்லாமே அப்படித்தான்.

குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வயசானால் உடம்பு சாப்பாட்டை எரிக்கும் வேகம் குறைந்துவிடும் என்பார்களே, அதையே பிடித்துக்கொண்டேன். 2021இல் ஹெர்மன் பான்ட்சர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் அதையும் பிடுங்கிவிட்டார்கள். பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயதுக்காரர் வரை, 29 நாடுகளில் 6,400க்கும் மேற்பட்டவர்களின் கணக்கைப் பார்த்தார்களாம். உடம்பின் அளவைக் கழித்துவிட்டுப் பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை எரியும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான், மெனோபாஸிலும் பெரிய மாற்றமில்லை என்று 'சயின்ஸ்' இதழில் எழுதிவிட்டார்கள். இதையெல்லாம் வெளியிடுவதற்கு முன்னால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அதற்காக ஹார்மோனை முழுசாக விடுதலை செய்துவிட முடியாது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது கொழுப்புக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துவிடுகிறது. இடுப்பிலும் தொடையிலும் இத்தனை வருஷம் பேசாமல் கிடந்தது வயிற்றுக்கு மாற்றலாகிறது. அமெரிக்கப் பெண்களைப் பல வருஷம் விடாமல் கவனித்த 'ஸ்வான்' ஆய்வு சொல்வது இது: கடைசி மாதவிலக்குக்குச் சில வருஷம் முன்பே கொழுப்பு சேரும் வேகம் இரட்டிப்பாகிறது, தசை குறையத் தொடங்குகிறது, மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம் வரைக்கும் இது தொடர்கிறது. எடை மெஷினில் மட்டும் திடீர் ஏற்றம் எதுவும் தெரியாது. தசை காலி செய்த இடத்தில் கொழுப்பு குடியேறுவதால் மெஷின் கம்மென்று இருக்கிறது, ஜாக்கெட் கத்துகிறது.

கத்தல் கேட்டு ஊரே வைத்தியம் சொல்ல வந்துவிட்டது. சுடுதண்ணீரில் எலுமிச்சை என்றார் ஒருவர், குடம்புளி என்றார் இன்னொருவர். சோற்றை விட்டுவிட்டுச் சிறுதானியம் சாப்பிடச் சொன்ன பக்கத்து வீட்டு அக்கா, முந்திரி மிதக்கும் தினைப் பொங்கலை நெய் மணக்கக் கொண்டுவந்து கொடுத்தார். (காய்ந்த தினையிலும் அரிசியிலும் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான். பொங்கல் அருமையாக இருந்ததால் இதை அவரிடம் சொல்லவில்லை.) மண்டபத்தில் பார்த்த என் சித்தி, "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று பந்தியிலேயே தீர்ப்பு எழுதினார். கொள்ளு எங்களுக்குப் புதுசா? கொங்கு நாட்டில் கொள்ளுப் பருப்பைக் கடைந்து, நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால், மூன்றாவது முறை சோறு போட்டுக்கொள்ளாமல் எழுந்த ஆளை நான் பார்த்ததில்லை.

உண்மையான வில்லன் அடுக்களையில் இருந்தது. எங்கள் வீட்டில் எதையும் கொட்டக் கூடாது. குண்டானில் ஒரு கரண்டி பொரியல், கல்லில் கடைசியாக வார்த்த கோணல் தோசையில் பாதி, பேத்தி கடித்து வைத்த லட்டு, எல்லாவற்றுக்கும் கடைசி நிறுத்தம் என் வாய். இதையெல்லாம் நான் சாப்பாட்டில் சேர்ப்பதே இல்லை. உட்கார்ந்து, தட்டு வைத்துத் தின்றால்தானே சாப்பாடு? நின்றுகொண்டே வாயில் போட்டுக்கொள்வது பாத்திரம் கழுவுவதில் ஒரு பகுதி. ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பு குபீரென்று கொதித்து, நனைந்த ஜாக்கெட்டோடு எழுந்துபோய்க் காற்றுக்காக ஃப்ரிட்ஜைத் திறந்தால், உள்ளே குளிர் மட்டுமா இருக்கிறது? மைசூர்பாகும் இருக்கிறது.

ரேஸ்கோர்ஸில் நடக்கவும் போனேன். ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர். மருமகள் பேச்சு சூடு பிடித்தால் வேகம் குறையும், முக்கியமான கட்டத்தில் எல்லோரும் நின்றேவிடுவோம். தினம் பத்தாயிரம் அடி என்கிறார்களே, அது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பிறந்த கணக்கு. அமெரிக்காவில் சராசரி 72 வயதுப் பெண்களைக் கவனித்த 2019 ஆய்வில், 7,500 அடிக்கு மேல் நடந்ததால் ஆயுளுக்குக் கூடுதல் லாபம் தெரியவில்லை. இதை எங்கள் குழுவில் சொன்னதிலிருந்து மிச்சம் 2,500 அடியைக் காபிக் கடையில் கழிக்கிறோம்.

லேடி டாக்டர் நடைக்கு மயங்கவில்லை. "கையை ஊனாம நாற்காலியை விட்டு எந்திரிங்க பாக்கலாம்" என்றார். எழுந்தேன். கூடவே "அம்மாடி" என்று ஒரு சத்தமும் எழுந்தது. "அந்த அம்மாடிதாங்க பிரச்சனை" என்றார். தசை கரைகிறது, பாரம் தூக்க வேண்டும், புரதம் வேண்டும். நாலு இட்லியில் எட்டு கிராம் தேறினாலே அதிகம். முட்டையோ பருப்போ சேர்க்கச் சொன்னார். விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப் வைத்து, நம் ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்தான் எல்லை என்றார். தையல்காரர் கணக்கில் முப்பத்தொன்றரை இஞ்சு. என் அளவைச் சொல்ல மாட்டேன்.

மகன் விட்டுப்போன டம்பெல்ஸ் இத்தனை நாளும் மொட்டை மாடியில் வடகத் துணி பறக்காமல் பாரம் வைக்கத்தான் பயன்பட்டது. இப்போது வடகத்துக்குச் செங்கல், டம்பெல்ஸ் எனக்கு. உட்கார்ந்து எழும் பயிற்சியை மட்டும் புலியகுளத்தில் முந்தி விநாயகர் முன்னால் தோப்புக்கரணமாகப் போட்டுவிடுகிறேன். ஒரே கல்லில் அவ்வளவு பெரிய உருவத்துக்கு எதிரில் நின்றால் யாருமே ஒல்லிதான். கொழுக்கட்டையை ஒரு கை பார்த்துவிட்டு, இருக்கிற தொப்பையைக் குறைக்கிற எண்ணமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். நாம் குனிந்து நிமிர வேண்டும், அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

எடை அப்படியே இருக்கிறது. இடுப்பில் டேப் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அரை தோசையைக் கணவர் தட்டுக்குத் திருப்பிவிட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். போன வாரம் சித்தி வந்தவர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "மாப்ளைக்கு இப்பத்தான் பூசுனாப்ல நல்லா இருக்குது. நீ ஏங் கண்ணு இப்படி எளச்சுப் போயிட்ட? சோறு திங்கறியா இல்லியா?" என்றார். ஊருக்குப் போன கையோடு டப்பா நிறைய எள்ளுருண்டை கொடுத்தனுப்பிவிட்டார். நான் தட்டு எடுத்து, உட்கார்ந்து, ஒன்று சாப்பிட்டேன். டப்பாவை மாப்பிள்ளை பக்கம் தள்ளிவைத்தேன்.