நாயும் பொலித்தீனும்

கேள்வி: வளர்ப்பு நாயின் கழிவைப் பொலித்தீன் பையில் கட்டி எறிவது சுத்தந்தானே, ஐயா? (ஒரு வாசகர், நோர்வூட்)

பதில்: சுத்தம் பாதைக்கு, ஆபத்து ஆற்றுக்கு! தானே மக்கி மண்ணாகிவிடக்கூடிய வஸ்துவை, தலைமுறை கடந்தும் மக்காத உறைக்குள் சிறைவைப்பானேன்? தேயிலைச் சரிவில் எறிந்த பை, மழையில் கானுக்கு இறங்கி, கெசல்கமு ஓயா வழியாகக் காசல்ரீ நீர்த்தேக்கத்தை அடைந்து, துணுக்குத் துணுக்காகச் சிதைந்து, கொழும்பு மாநகரம் பருகும் களனி கங்கை வரை பிரயாணம் செய்யக்கூடும். 2017 செப்டம்பரில் 20 மைக்ரோனுக்கு மேற்படாத பொலித்தீனை அரசாங்கம் தடைசெய்தது. தடித்த பைகளில் பல தப்பிவிட்டன. ஆகவே பழைய பத்திரிகைத் தாளில் அள்ளி, பீலிக்கும் ஓடைக்கும் தொலைவாக ஆழக் குழிவெட்டிப் புதையுங்கள். நாய்க் கழிவில் இருக்கக்கூடிய வட்டப்புழு முட்டைகள் மண்ணில் வருஷக்கணக்கில் ஜீவித்திருக்குமாதலால், மரக்கறித் தோட்டத்துப் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.