எட்டு லட்சம் விரதம்

பத்து வருடமாக மாதம் தவறாமல் மீசைக்கு மை பூசி வருகிறேன். அலுவலகத்தில் யாராவது வயதைக் கேட்டால் 'நாற்பத்துச் சொச்சம்' என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். அப்படிப்பட்டவன் இப்போது ஐப்பசியில் 50 பூர்த்தியாவதற்காக நாட்காட்டித் தாளைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் தாய்லாந்து. 50 முடியாதவனுக்கு அந்த நாடு ஓய்வுக்கால விசா தருவதில்லை.

ஆசை வந்தது சியாங் மாயில். சுற்றுலாக் கூட்டத்தோடு நான்கு நாள் போயிருந்தபோது, ஒரு காப்பிக்கடை வாசலில் வெள்ளைக்காரர் ஒருவர் அரைக்கால்சட்டையோடு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அன்று திங்கட்கிழமை. அரைக்கால்சட்டையை விட்டுவிடலாம், அந்தத் திங்கட்கிழமைதான் என் கண்ணை உறுத்தியது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சுற்றுவட்டாரக் காடும் வயலும் எரிகிற புகையில் அந்த ஊர் மூச்சுத் திணறும் என்பது பிறகு தெரிந்தது. நான் போனது டிசம்பரில்.

ஊர் திரும்பியதும் கணக்குப் போட்டேன். சீக்கிரம் ஓய்வு பெற நினைப்பவர்கள் ஓதும் மந்திரம் ஒன்று உண்டு: வருடச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்துவிடு, முதல் வருடம் அதில் 4 சதவீதம் எடு, பிறகு விலைவாசிக்கேற்பக் கூட்டிக்கொள். வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-இல் தன் நாட்டுப் பங்குச்சந்தையின் பழைய ஏடுகளைப் புரட்டிச் சொன்னதிலிருந்து வந்தது. பணம் 30 வருடம் தாங்கும் என்பது கணக்கு. அவர் என் அப்பாயியைப் பார்த்ததில்லை. 94 வயதில், வாயில் ஒரு பல் இல்லாமல், முறுக்கு கேட்டவள் அவள். 50-இல் நிறுத்துகிறவனுக்கு 80-இல் பணம் தீர்ந்தால், மீதிப் 14 வருட முறுக்குக்கு யார் பொறுப்பு?

வேறு நாடுகளையும் பார்க்காமல் இல்லை. இலங்கை 55 வயது கேட்டது. அவ்வளவு நாள் மீசை தாங்காது. மலேசியா 2024-இல் புதுப்பித்த திட்டத்தில் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று நகைக்கடை மாதிரி தட்டுகள் வைத்திருக்கிறது. வெள்ளிக்கே வங்கியில் 150,000 டாலர் போட வேண்டும், அதற்கு மேல் வீடும் வாங்க வேண்டும். பினாங்கில் இட்லி நன்றாக இருக்கும்தான். ஒன்றேகால் கோடிக்கு மேல் கட்டிவைத்துச் சாப்பிடுகிற அளவுக்கா?

தாய்லாந்தில் வருடா வருடம் விசாவை நீட்டிக்க இரண்டு வழி. மாதம் 65,000 பாட் வருமானம் காட்டலாம். வேலையை விட்டவனுக்கு ஏது மாத வருமானம்? ஆகவே இரண்டாவது வழி: அங்குள்ள வங்கியில் 8 லட்சம் பாட். நம் பணத்தில் 20 லட்சத்தைத் தாண்டும். விண்ணப்பிக்க இரண்டு மாதம் முன்பே அது கணக்கில் வந்து உட்கார்ந்துவிட வேண்டும். அனுமதி கிடைத்த பிறகும் மூன்று மாதம் அசையக் கூடாது. அப்புறம் பாதியைச் செலவழிக்கலாம். 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அடுத்த வருடத்துக்குள் மறுபடியும் 8 லட்சம். சபரிமலைக்கு மாலை போட்டவனுக்கே ஒரு மண்டலம்தான் விரதம். என் பணத்துக்கு ஐந்து மாதம். யோசித்துப் பார்த்தால் வெளிநாடு போய்க் கால் நீட்டப்போவது அந்த 8 லட்சம்தான். நான் அதற்குத் துணையாள்.

பணத்தை இங்கிருந்து கிளப்புவது தனிப் படலம். ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டம் 2004-இல் 25,000 டாலரில் தொடங்கியது; இப்போது ஆளுக்கு நிதியாண்டுக்கு 250,000 டாலர் வரை அனுப்பலாம். தாராளம்தான். ஆனால் வருடத்துக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகையில் 20 சதவீதத்தை வங்கி நம்மிடம் முன்கூட்டியே வாங்கி வருமானவரித் துறைக்குக் கட்டிவிடும். கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். மொய்ப் பணம் மாதிரி: திரும்பி வரும், எப்போது என்பது மட்டும் நம் கையில் இல்லை.

பாதியை அவள் பெயரில் அனுப்பினால் இந்தப் பிடித்தத்திலிருந்து பெரும்பாலும் தப்பிக்கலாம் என்று மனைவிக்கு விளக்கினேன்.

"சரி, அங்க யார் பேர்ல சேரும்?"

"விண்ணப்பம் போடறவன் பேர்லதான் கணக்கு இருக்கணும்."

"என் பேர்ல போகும், உங்க பேர்ல சேரும்."

அவள் திருப்பிச் சொன்னபோதுதான் அதன் லட்சணம் என் காதிலேயே விழுந்தது. பேச்சை மாற்ற, அந்த விசாவில் இருப்பவன் வேலை எதுவும் செய்யக் கூடாது என்பது சட்டம் என்றேன்.

"அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்? ஞாயித்துக்கிழமை இங்கயே அதைத்தானே பண்றீங்க?"

அப்பாவிடம் சொன்னது அதைவிடப் பிசகு. 90 நாளுக்கு ஒருமுறை, இந்த விலாசத்தில்தான் இருக்கிறேன் என்று அங்குள்ள குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். நவம்பர் பிறந்தால் உயிர்ச்சான்று கொடுக்க வங்கிக்குக் கிளம்பிவிடுவார். ரேகை தேய்ந்துபோனதால், அவர் உயிரோடு இருப்பதை அந்தக் கருவி ஏற்க மறுத்த வருடமும் உண்டு. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "முப்பத்தாறு வருஷம் உழைச்சவன் நானே வருஷத்துக்கு ஒரு தடவைதான்டா உயிரோட இருக்கேன்னு சொல்றேன். நீ பாதியில விட்டுட்டு நாலு தடவை சொல்லப்போறியா?"

அடுத்த சிக்கல் மனைவி. அவளுக்கு 50 ஆகவில்லை. என்னைச் சார்ந்தவளாகத்தான் வர முடியும். அதற்குத் திருமணச் சான்றிதழ் வேண்டும். எங்கள் கல்யாணம் 2002-இல். தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டமே 2009-இல்தான் வந்தது. 600 பேர் பந்தியில் சாப்பிட்டதற்குச் சாட்சி உண்டு, காகிதம் கிடையாது. பதிவு அலுவலகத்தில் கல்யாணப் பத்திரிகை கேட்டார்கள். வீட்டைக் கவிழ்த்துப் பார்த்தோம், இல்லை. கடைசியில் மதுரை அத்தையின் டிரங்குப் பெட்டியில் ஒன்று கிடைத்தது. பின்பக்கம் பால் கணக்கு. அதற்குக் கீழே, எங்களுக்கு அத்தை எழுதிய மொய் 51 ரூபாய் என்றும், அவள் மகள் கல்யாணத்துக்கு நாங்கள் வைத்தது எவ்வளவு என்றும் குறிப்பு. அதையும் சேர்த்துத்தான் நகலெடுத்தோம்.

மாலை இல்லாமல், மேளம் இல்லாமல், அப்பாவும் அத்தையும் இன்னொரு உறவினரும் சாட்சிக் கையெழுத்துப் போட இரண்டாம் முறை கல்யாணம் ஆனது. அத்தை இந்த முறை மொய் எழுதவில்லை.

சான்றிதழோடு வரும் வழியில் மனைவிக்குக் கடைசி விதியைச் சொன்னேன். ஊரில் விசேஷம் என்று தாய்லாந்தை விட்டுக் கிளம்பினால், முதலில் மறுநுழைவு அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் கிளம்பினால் விசா போய்விடும், 8 லட்சமும் முதலிலிருந்து விரதம் தொடங்கும். ஒருமுறைக்கு 1,000 பாட், எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வர 3,800 பாட்.

அவள் ஆட்டோவில் விரல்விட்டு எண்ணினாள். தங்கை பையனுக்குக் காதுகுத்து, சித்தப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், இரண்டு கிரகப்பிரவேசம், குலதெய்வத்துக்குப் பொங்கல்.

"மூவாயிரத்து எட்டுநூறே வாங்கிடுங்க," என்றாள். "என் பக்கத்துல மட்டுமே அஞ்சு இருக்கு. உங்க பக்கம் இன்னும் எண்ணல."