வழவழ கொழகொழ இல்லாமல் பதில்

கே: ஒரு திரவம் எவ்வளவு கெட்டி என்று எப்படி அளக்கிறார்கள்?

ப: ஆஸ்ட்வால்டு விஸ்காமீட்டரில். வளைந்த கண்ணாடிக் குழாய், அதில் ஒரு நுண்துளைப் பகுதி. மேல் கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு இறங்க எத்தனை விநாடி என்று பார்த்து, தண்ணீரோடு ஒப்பிட வேண்டும். கல்லூரி லேபில் செய்திருப்பீர்கள். பக்கத்து மேசை ரீடிங்கைக் காப்பியும் அடித்திருப்பீர்கள்.

கே: மூட்டுத் திரவத்தின் பாகுநிலை எவ்வளவு? சுற்றி வளைக்காமல் ஒரே எண்ணில் சொல்லவும்.

ப: எந்த வேகத்தில் என்று நீங்கள் சொன்னால் நானும் சொல்கிறேன்! அதில் இருக்கும் ஹையலூரானிக் அமிலம், பல லட்சம் டால்டன் எடையுள்ள நீண்ட சங்கிலி. நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் சங்கிலிகள் பின்னிக்கிடக்கும், திரவம் கெட்டி. ஓடினால் அவை ஓட்டத்தின் திசையில் நீண்டு ஒதுங்கும், திரவம் இளகும். கண்ணாடிக் குழாய் இதற்கு உதவாது. சுவரோரம் உராய்வு அதிகம், நடுவில் அநேகமாக இல்லை. எதை அளந்தோம் என்றே குழம்பிவிடும். அதனால் தட்டையான தட்டின் மேல் மிகக் குறைந்த சரிவுள்ள கூம்பைச் சுழற்றுகிறார்கள். அந்த இடுக்கில் மாட்டிய திரவம் முழுக்க ஒரே அளவில் சறுக்கும். வேகத்தை மாற்றி மாற்றி, முறுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று குறிப்பார்கள். கிடைப்பது எண் அல்ல, ஒரு வளைகோடு. ஒற்றை எண்ணை மட்டும் நீட்டும் ரிப்போர்ட்டை நான் நம்புவதில்லை.

கே: டி.என்.ஏ. கரைசலுக்கும் இதே வைத்தியமா?

ப: நீளமான டி.என்.ஏ. குழாய்க்குள் வேகமாகப் பாய்ந்தாலே அறுந்துவிடும். அளக்கப் போய் சரக்கையே துண்டாக்கிய கதை. 1962-ல் புரூனோ ஜிம், டொனால்டு குரோதர்ஸ் இருவரும் கரைசலில் ஒரு சின்ன உருளையை மிதக்கவிட்டு, வெளியிலிருந்து காந்தத்தால் மிக மெதுவாகச் சுழற்றினார்கள். டி.என்.ஏ. தப்பித்தது.

கே: முட்டை வெள்ளைக்கருவைச் சுழற்றினால் கம்பியில் ஏறுகிறதே, பேயா?

ப: வைசன்பெர்க் விளைவு. தண்ணீர் நடுவில் குழியும். இழுபட்ட புரதங்கள் கம்பியைச் சுற்றி இறுக்குவதால் வெள்ளைக்கரு மேலே ஏறும்.

கே: ஒரு சொட்டுதான் கிடைத்தது என்றால்?

ப: தாராளம். மைக்ரான் அளவு மணிகளை அதில் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். மூலக்கூறுகள் இடிக்க இடிக்க மணி தள்ளாடும். கெட்டியான திரவத்தில் தள்ளாட்டம் குறையும். அதற்கான சூத்திரத்தை ஐன்ஸ்டைன் 1905-லேயே கொடுத்துவிட்டார். தள்ளாட்டத்தை வைத்து சரக்கை எடைபோடுவது நமக்குப் புதிதா என்ன?