படுத்தால்தான் பணம்

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம்,
ஹைதராபாத்.

பொருள்: உடம்பு நன்றாக இருக்கும்போதே லேபுக்குப் போய்விட்ட பாலிசிதாரரை மன்னிக்கக் கோருதல்.

ஐயா,

மதுரையைச் சேர்ந்த 46 வயதுப் பாலிசிதாரர் ஒருவர் செய்த தப்பைத் தங்கள் மேலான பார்வைக்குக் கொண்டுவரவே இம்மடல். பிரீமியம் கட்டுவதில் அவர் ஒருநாளும் தவணை தவறியவரல்லர். கிளெய்ம் என்று கேட்டு யாரையும் தொந்தரவு செய்ததும் இல்லை. இப்படித் தங்கமாக இருந்த மனிதர் போன மாதம், காய்ச்சல் தலைவலி எதுவுமில்லாமல், காலையில் வெறும் வயிற்றோடு போய் லேபில் கையை நீட்டிவிட்டார்.

ரத்தம் எடுத்த பெண், பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, "சாப்ட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க சார்" என்று அனுப்பியிருக்கிறார். எதிர்க்கடையில் நாலு இட்லி. மூன்றாவது சட்னியைத் தொடலாமா என்று இவர் யோசித்ததாகத் தகவல். மாலையில் ரிப்போர்ட் வந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 114. மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி 6.1. "பார்டர்ல இருக்கு, நடங்க, சோத்தக் கொறைங்க" என்றார் டாக்டர். பில் 1,850 ரூபாய்.

பில்லோடு ஏஜெண்டுக்குப் போன் போட்டார். ஏஜெண்டு பழகிய பையன், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் சொல்லிவிட்டான்: "அண்ணே, சும்மா போய்ப் பாத்துட்டு வந்தா பணம் வராதுண்ணே. படுத்தாத்தான் வரும்."

ஆணையம் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை ஏஜெண்டு இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டான். 2019-ல் தாங்கள் வரையறுத்துக் கொடுத்த விலக்குப் பட்டியலில் நான்காவது இதைத்தான் சொல்கிறது: பரிசோதனைக்காக மட்டுமே ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பணம் இல்லை, நடக்கிற சிகிச்சைக்குச் சம்பந்தமில்லாத பரிசோதனைக்கும் இல்லை. அதே சமயம் ஆணையம் ஈரமில்லாதது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2020 ஏப்ரலில் எல்லாக் கம்பெனிகளும் விற்றாக வேண்டும் என்று தாங்கள் கொண்டுவந்த 'ஆரோக்ய சஞ்சீவனி'யில், ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய 30 நாள் செலவும், வீடு திரும்பிய பிறகு 60 நாள் செலவும் உண்டு. ஆக, அதே ஊசி, அதே ரத்தம், அதே பில். ரிப்போர்ட் நல்லபடியாக வந்தால் அது பாலிசிதாரரின் வீண்செலவு. ரிப்போர்ட் மோசமாக வந்து, அந்த நோய்க்காகவே 30 நாளுக்குள் கட்டிலில் படுத்துவிட்டால் அது மருத்துவச் செலவு. நம்மாள் இன்னும் நடமாடிக்கொண்டிருப்பதால் பில் நாளுக்கு நாள் காலாவதியாகிக்கொண்டிருக்கிறது.

உடல் எடை விஷயத்திலும் தங்கள் கருணைக்கு அளவுண்டு. அதை அளந்தும் வைத்திருக்கிறீர்கள். ஆறாவது விலக்கின்படி, எடை குறைக்கும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. அறுவை சிகிச்சைக்கு மட்டும், அதுவும் டாக்டர் சொல்லி, பி.எம்.ஐ. 40-ஐத் தொட்டிருந்தால் உண்டு. 35 என்றால் வெறும் எடை போதாது. கூடவே இதய நோயோ, தூக்கத்தில் மூச்சு நிற்கும் கடுமையான கோளாறோ, கட்டுக்குள் வராத சர்க்கரையோ இருக்க வேண்டும். பாலிசிதாரர் 170 சென்டிமீட்டர் உயரம், 84 கிலோ. கணக்குப் போட்டுப் பார்த்ததில், இன்னும் 18 கிலோவும் அடங்காத சர்க்கரையும் சம்பாதித்துக்கொண்டால் அவர் தகுதி பெறுகிறார். அதுவரை அவர் காலையில் நடந்து எடையைக் குறைப்பது, கிட்டத்தட்ட, கிடைக்க இருக்கிற சலுகையைத் தானே கெடுத்துக்கொள்கிற வேலை.

தடுப்பூசிக்கு வருவோம். பெரும்பாலான பாலிசிகளில் தடுப்பூசிக்குப் பணமில்லை. விலங்கு கடித்த பிறகு போடுவது மட்டும் விதிவிலக்கு. நிமோனியா வராமலிருக்க ஊசி, மகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வராமலிருக்க ஊசி என்று கேட்டுப் போனால் கதவு சாத்தியிருக்கும். நாய் கடித்த காலோடு போனால் திறக்கும்.

இவ்வளவையும் பாலிசிதாரர் பொறுத்துக்கொண்டார். மூன்று லட்ச ரூபாய் காப்பீட்டைப் பத்து லட்சமாக உயர்த்தப் போனபோதுதான் ஆள் ஆடிப்போனார். படிவத்தில் சர்க்கரை பற்றி ஒரு கேள்வி. அதற்கு இவர் உண்மையைத்தான் எழுத வேண்டும். எழுதினால் லோடிங் என்று பிரீமியம் ஏறலாம். கூட்டிக் கேட்ட ஏழு லட்சத்துக்குக் காத்திருப்புக் காலம் புதிதாகத் தொடங்கும். அது முன்பு 48 மாதம்வரை இருந்தது; 2024-ல் 36 ஆகக் குறைத்தீர்கள். நன்றி. ஆனால் 'முன்பே இருந்த நோய்' என்றால் என்ன என்ற தங்கள் வரையறைதான் ரசிக்கத்தக்கது. பாலிசிக்கு முந்தைய 36 மாதத்துக்குள் டாக்டர் கண்டுபிடித்திருக்க வேண்டும், அல்லது டாக்டர் ஆலோசனையோ சிகிச்சையோ சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் பக்கமே போகாதவனுக்கு முன்பே இருந்த நோய் ஏது?

பாலிசிதாரரின் மனைவிக்கு ஒரு தம்பி. 41 வயது, நல்ல தொப்பை, இரவில் நாலு தடவை எழுந்து பாத்ரூம் போகிறவர். ஊசியைக் கண்டால் ஆகாது. "பாத்தாத்தான் மச்சான் வியாதி. பாக்காதவரைக்கும் நாம ராசா" என்பது அவர் கட்சி. அதே படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று டிக் அடித்தார். பொய்யில்லை, அவருக்கு நிஜமாகவே தெரியாது. ஐந்து வருடம் ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, எதை மறைத்தாய் என்று அவரைக் கேட்கவும் முடியாது.

பார்டர் சுகர் என்பது சும்மா ஒரு பயமுறுத்தல் என்று ஆணையம் நினைக்கக்கூடும். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, பார்டரில் நிற்பவர்கள் 13.6 கோடி. அந்த பார்டரிலிருந்து ஆளைத் திருப்ப முடியுமா என்பதைச் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். பார்டரில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டு மூன்று வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்தது. சாப்பாடு, நடை என்று விடாமல் பிடித்து வைத்தவர்களில் 39 பேருக்கு. மாத்திரைகூட வேண்டியிருக்கவில்லை. காப்பீட்டுக் கம்பெனியின் கணக்கப்பிள்ளை இதைப் படித்தால் துள்ளிக் குதிக்க வேண்டும்: வருங்காலத்தில் டயாலிசிஸ், கால் எடுப்பது, பைபாஸ் எல்லாம் குறையுமே.

குதிக்கமாட்டார். அவர் கணக்கு வருடக் கணக்கு. பாலிசி 12 மாதம். இன்று இந்தக் கம்பெனி பாலிசிதாரரின் நடைக்குச் செலவு செய்தால், அதன் பலன் பத்து வருடம் கழித்து வரும். 2011-ல் தாங்களே கொண்டுவந்த போர்ட்டபிலிட்டியின்படி அதற்குள் அவர் வேறு கம்பெனிக்குப் போயிருக்கலாம். அடுத்தவன் அறுவடைக்கு எவன் விதை போடுவான்? கம்பெனிகளைத் திட்டுவதில் அர்த்தமில்லை. ஒரு கம்பெனி மட்டும் நல்லவனாக இருந்தால் நஷ்டப்படும். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே விதி என்று போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த விதியைப் போடும் பேனா ஹைதராபாத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் அப்படி ஒரு விதி 2010-ல் சட்டமானது. காப்பீட்டுக்குப் பேர்போன கொடுமைக்கார நாடு. ஆனாலும் அங்கே நிபுணர் குழு 'ஏ' அல்லது 'பி' தரம் கொடுத்த பரிசோதனைக்கு, கம்பெனியின் பட்டியலில் உள்ள டாக்டரிடம் போனால் கையிலிருந்து காசு கொடுக்க வேண்டியதில்லை. எடை கூடிய 35 முதல் 70 வயதுக்காரர்களுக்குச் சர்க்கரைப் பரிசோதனை அந்தப் பட்டியலில் உண்டு. நம்மாள் அங்கே பிறந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

இங்கே எதுவுமே இல்லை என்று சொன்னால் அது அபாண்டம். தங்கள் 2020 வழிகாட்டுதல் உடல்நலத்தைப் பேணுகிறவருக்குப் புரோட்டீன் பவுடர் கூப்பன், ஜிம் கூப்பன், புதுப்பிக்கும்போது பிரீமியத்தில் தள்ளுபடி எல்லாம் கொடுக்கலாம் என்றது. 'கொடுக்கலாம்'தான், 'கொடுக்க வேண்டும்' இல்லை. சில பாலிசிகளில் வருடாந்திரச் செக்கப்பும் உண்டு, கம்பெனி சொல்லும் லேபில், கம்பெனி சொல்லும் டெஸ்ட் மட்டும். வருமான வரிக்காரர்களும் தங்கள் பங்குக்கு 2012 பட்ஜெட்டில் செக்கப்புக்கு 5,000 ரூபாய் சலுகை அறிவித்தார்கள். அது பிரீமியத்துக்கான 25,000 ரூபாய் வரிச்சலுகைக்குள்ளேயே அடக்கம். பிரீமியமே 25,000-ஐத் தொட்டுவிட்டால் செக்கப்புக்கு மிச்சம் பூஜ்யம். புதிய வரிமுறைக்கு மாறியவருக்கு அந்தப் பூஜ்யமும் இல்லை.

விளைவு தேசிய குடும்பநல ஆய்வில் இருக்கிறது. 2019-21 கணக்கில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு தடவையாவது கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை: 1.9 சதவீதம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. அதன்படி வீட்டுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் ஊரில் உள்ள பெண்கள்தான். காப்பீட்டுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. வருடத்துக்கு ஐந்து லட்சம் தரும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்க, நோய் வருமுன் பார்க்கிற வேலையைக் கையில் ஒரு சின்ன மீட்டரோடு தெருவில் நடக்கிற அக்கா செய்கிறார்.

ஆகவே பாலிசிதாரர் சார்பில் ஒரே ஒரு வேண்டுகோள். சர்க்கரை, பிரஷர், பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனைகள் என்று ஒரு சின்னப் பட்டியலை எழுதி, எல்லாப் பாலிசியிலும் படுக்காமலே பணம் என்று போட்டுவிடுங்கள். அது ஆகாதென்றால், ஆரோக்கியமாக இருக்கும்போது லேபுக்குப் போவது தவறு என்றாவது பாலிசியின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்துவிடுங்கள், ஜனங்கள் உஷாராகிவிடுவார்கள்.

இப்படிக்கு,
பாலிசிதாரருக்காக, அவரது நலம்விரும்பி.

இணைப்பு: லேப் பில் ஒன்று, 1,850 ரூபாய். பணம் கேட்டு அல்ல, கோப்புக்காக.

பி.கு.: மைத்துனருக்குப் பத்து லட்ச ரூபாய் பாலிசி வந்துவிட்டது. லோடிங் இல்லை.