சிம்மக்கல் வட்டாரத்தில் புதுக் காமிக்ஸ் மதிப்பிடும் முறைமை: ஓர் ஆய்வுரை

புது நூலை அரங்கேற்றி, அதற்கு நல்லது கெட்டது சொல்லும் தொழிலில் மதுரைக்கு உள்ள அனுபவம் வேறெந்த ஊருக்கும் இல்லை. இறையனார் களவியலுக்கு உரை எழுதிய சங்கப் புலவர்களுக்குள் எவர் உரை சிறந்தது என்று வழக்கு வந்தபோது, உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது ஊமைப் பிள்ளையை உட்கார வைத்து, ஒவ்வொருவராகப் படித்துக் காட்டினார்கள் என்று அந்த நூலின் உரையே சொல்கிறது. பலருடைய உரைக்குப் பிள்ளை சும்மா இருந்தான். மருதன் இளநாகனார் படித்தபோது அங்கங்கே கண்ணீர் விட்டான். நக்கீரர் படித்தபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர் வார்ந்து மயிர் சிலிர்த்தான். தீர்ப்பு முடிந்தது.

சிம்மக்கல்லில் இன்று வழங்கும் காமிக்ஸ் தீர்ப்பு முறை இந்த மரபின் நேரடி வாரிசு என்பதே இவ்வாய்வின் கருதுகோள். மாற்றம் இரண்டு இடங்களில்தான். அங்கே நடுவருக்கு வயது ஐந்து, இங்கே ஐம்பது. அங்கே நடுவர் வாய் பேசாதவர்.

ஆய்வு எல்லையை வரையறுப்போம். வடக்கே வைகை, தெற்கே வடக்கு மாசி வீதி, கிழக்கே யானைக்கல். மேற்கு எல்லையில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது அன்றைக்கு எந்த டீக்கடை திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. மாவட்ட மைய நூலகம் இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆயினும் நம் ஆய்வுக்குரிய தீர்ப்புகள் எல்லாம் நூலகத்துக்கு வெளியேதான் வழங்கப்படுகின்றன. உள்ளே சத்தம் போடக் கூடாது. சிம்மக்கல் என்ற பெயரில் உள்ள சிங்கத்துக்கும் லயன் காமிக்ஸின் சிங்கத்துக்கும் உறவு கற்பித்து முனைவர் பட்டம் வாங்க நினைப்போரை இக்கட்டுரை வன்மையாகக் கண்டிக்கிறது. அந்தத் தலைப்பை நானே பதிவு செய்து வைத்திருக்கிறேன்.

முதற்கண் ‘புதுசு’ என்றால் எது? இதைத் தெளிவாக்காமல் மேலே போக முடியாது. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவந்தபோது, தமிழ்நாடே புதுசு என்று வாங்கிப் படித்தது இரும்புக்கை மாயாவியை. அவர் லண்டன் வார இதழான வேலியண்டில் 1962-லேயே பிறந்துவிட்டவர். ஊரும் அவருக்கு ஒன்றல்ல: ஆங்கிலேயருக்காக ஹெசுஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானியர் வரைய, சிவகாசியில் தமிழ் கற்று, எழுபது கிலோமீட்டர் பஸ் பிடித்து மதுரைக்கு வந்து தீர்ப்புக்கு உட்கார்ந்தார். 1984-இல் லயன் காமிக்ஸ் முதல் இதழில் அறிமுகமான மாடஸ்டிக்கு அப்போதே இருபத்தொரு வயது. அதே ஆண்டு தந்தி நிறுவனத்தின் ராணி காமிக்ஸில் இறங்கிய ஜேம்ஸ் பாண்ட் லண்டன் நாளிதழில் படக்கதையானது 1958-இல். டெக்ஸ் வில்லர் 1948-ஆம் ஆண்டு இத்தாலியப் பிறவி. லக்கி லூக் அவருக்கும் இரண்டு வயது மூத்தவர். ஆக, தமிழில் புதுசு என்பது காலத்தைக் குறிப்பதில்லை, பார்சல் பிரிக்கும் நேரத்தைக் குறிப்பது. இந்த வரையறையை நடுவர்கள் மாயாவிக்கும் மாடஸ்டிக்கும் மறுப்பின்றி ஏற்றார்கள். மாங்கா விஷயத்தில் மட்டும் ஏற்க மறுக்கிறார்கள் என்பது பின்னர் விளங்கும்.

1984-இல் தமிழ்க் காமிக்ஸின் பொற்காலம் தொடங்கியது. இது ஆய்வாளர் யாவரும் ஒப்பிய முடிபு, ஆகவே சான்று தேவையில்லை.

இனி மதிப்பீட்டு முறை. புது இதழ் கைக்கு வந்ததும் சிம்மக்கல் நடுவர் அதைப் படிப்பதில்லை. நடுவில் பிரித்து முகர்கிறார். சிவகாசி மை, சாணித்தாள், பசை ஆகிய மூன்றும் உரிய விகிதத்தில் கலந்த வாசனை ஒன்று உண்டு. அதை 1980-களில் ஒருமுறை மூக்கில் ஏற்றியவருக்குப் பிறகு எந்த வாசனையும் வாசனையில்லை. 2012-இல் லயன் காமிக்ஸ் இடைவெளிக்குப் பின் ‘கம்பேக் ஸ்பெஷல்’ என்று ஆர்ட் பேப்பரில், வண்ணத்தில் மீண்டு வந்தபோது, உலகத் தரம் வந்துவிட்டதே என்று மகிழ்ந்தவர்களே இரண்டு மாதம் கழித்து, ‘எல்லாஞ் சரிதேன், அந்த வாசம் இல்லையேப்பா’ என்றார்கள்.

முகர்ந்த பிறகு எடை பார்க்கிறார். காமிக்ஸ் ரசிகர் வழக்கில் ‘குண்டு புக்’ என்பது உயரிய விருது. இரத்தப் படலம் கதையின் பதினெட்டு பாகங்களையும் ஒரே தொகுப்பாக்கி 2010-இல் இறக்கியபோது, அதைக் கையில் தூக்கிப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பளித்தவர்கள் உண்டு. நினைவிழந்த ஒருவன் தான் யார் என்று தேடும் கதை அது. வாங்கியவர்களில் சிலர் இன்னும் அதைப் படித்து முடிக்காததால், கதாநாயகனும் அவர்களும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கிறார்கள்.

எடைக்குப் பின் கடைசிப் பக்கம், அதாவது ‘அடுத்த வெளியீடு’ விளம்பரம். கையிலிருக்கும் இதழைவிட அடுத்த இதழே எப்போதும் சிறந்தது என்பதால் இதை முதலில் பார்ப்பது முறை. அதன் பின் ஆசிரியர் எஸ். விஜயனின் பக்கம். அதில் தாமதத்துக்கான காரணம் எழுதியிருந்தால் நடுவருக்குத் திருப்தி, எழுதாவிட்டால் இரட்டைத் திருப்தி, ஏனெனில் கடிதம் போட ஒரு காரணம் கிடைத்துவிட்டது. இவ்வளவும் ஆன பின் டீ வருகிறது. டீ வரும்போது தீர்ப்பும் வந்துவிடுகிறது. கதை அன்றிரவு வீட்டில் படிக்கப்படும். அதற்கும் தீர்ப்புக்கும் தொடர்பில்லை.

இவ்விடத்தில் சிதைந்த பிரதிகள் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் சிம்மக்கல் மரபின் ஆழம் அங்கேதான் இருக்கிறது. வாடகை நூல் நிலையங்களின் காலத்தில் ஒரு ராணி காமிக்ஸ் பத்து வீடுகளைப் பார்த்துத் திரும்பும்போது அட்டை போயிருக்கும். இருபது வீடு பார்த்தால் கடைசி நாலு பக்கம் போயிருக்கும். பழைய பேப்பர் கடை வழியாகவும், திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தையில் ஸ்க்ரூ டிரைவருக்கும் சைக்கிள் டைனமோவுக்கும் நடுவில் விரித்த சாக்கின் மேலும் அது கடைசியாகக் கரை ஒதுங்கும். வில்லன் துப்பாக்கியை நீட்டுகிறான், ஜேம்ஸ் பாண்ட் திரும்புகிறார், அவ்வளவுதான். அதற்கு மேல் ஏடு கிடைக்கவில்லை. உ.வே.சா. ஒருவர் ஊர் ஊராக அலைந்து இந்தக் குறையைத் தீர்த்திருக்கலாம். அப்படி ஒருவர் காமிக்ஸுக்கு வாய்க்காததால் நடுவர்கள் தாமே முடிவை இயற்றிக்கொண்டார்கள். இன்று வயது ஐம்பதைத் தொடும் ஒரு நடுவர், முப்பது ஆண்டுகளாகத் தாம் சிலாகித்துவந்த ஒரு கதையின் மறுபதிப்பை முழுதாகப் படித்துவிட்டு, ‘முடிவை மாத்திப்புட்டாங்கெ’ என்று குமுறினார். மாற்றவில்லை. அந்தப் பக்கங்களை அவர் முதன்முதலாக அன்றுதான் பார்த்தார். ஆனாலும் அவர் இயற்றிய முடிவே மேலானது என்பது என் தனிப்பட்ட கருத்து.

இனி மாங்கா. இந்த ஜப்பானியப் படக்கதைகளைச் சிம்மக்கல்லுக்குள் கொண்டுவந்தது இளைய தலைமுறை. முதலில் தமிழ் பேசும் ஷின்சானும் டோரேமானும் டிவி வழியாக வீட்டுக்குள் நுழைந்ததால், மாங்கா என்றதுமே தாய்மார்கள் ‘அந்த அடங்காப் பயலோட கதையா?’ என்று தீர்ப்பளித்துவிட்டார்கள். இது ஆராய்ச்சியே வேண்டாத தீர்ப்பு. பாதி சரியும்கூட, ஷின்சான் 1990-இல் மாங்காவாகத்தான் பிறந்தான்.

நடுவர்கள் மாங்காவை எதிர்கொண்ட விதத்தை ஒரு களச் சான்றால் காட்டலாம். கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் ‘ஒன் பீஸ்’ முதல் தொகுதியை என்னிடம் நீட்டினாள். நான் முறைப்படி முகர்ந்து, எடை பார்த்து, முதல் பக்கத்தைத் திறந்தேன்.

‘மாமா, அங்கிட்டிருந்து படிக்கணும்.’

‘அது கடைசிப் பக்கமாச்சே?’

‘அதான் மாமா முதப் பக்கம்.’

‘பைண்டிங்ல தப்பா ஒட்டிட்டாங்கெ போல. கடையில குடுத்து மாத்து.’

வலமிருந்து இடம் படிப்பது சிம்மக்கல் நடுவர்களுக்குப் பெரும் சோதனை. காஜிமார் தெருப் பக்கமிருந்து வரும் நண்பர் ஒருவருக்கு மட்டும் இதில் சிரமமே இல்லை. சிறு வயதில் அரபி ஓதிய பழக்கம், புரட்டிய வேகத்தில் பாதித் தொகுதியை முடித்துவிட்டார். மற்றவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் பதிலை முதலில் படித்து, கேள்வியைப் பின்னால் படித்தார்கள். இதிலும் ஒரு வசதி இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது: முடிவு முதலில் தெரிந்துவிடுவதால் கடைசி நாலு பக்கம் கிழிந்தாலும் கவலை இல்லை.

அடுத்த குற்றச்சாட்டு, கதையில் லாஜிக் இல்லை என்பது. ஒரு பழத்தைத் தின்றதும் பையன் உடம்பு ரப்பராக நீள்கிறதாம். ‘என்னப்பா இது, காதுல பூ சுத்துறான்’ என்று எழுந்தவர் யார் தெரியுமா? மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்து, இரும்புக் கை மட்டும் காற்றில் மிதக்கும் ஒரு மனிதனை ஒன்பது வயதில் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டவர். அக்காலத்தில் பிளக் பாயிண்டைப் பார்க்கும்போதெல்லாம் ஆசைப்பட்டதாகவும் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். வலைத் துப்பாக்கியோடு நகரங்களை மிரட்டிய ஸ்பைடரின் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். அவர் கையிலும் லாஜிக் பெரிதாகப் புழங்கியதில்லை. அதை நாம் கேட்டோமா?

மூன்றாவது குற்றச்சாட்டு: கறுப்பு வெள்ளை, மட்டமான தாள். இதைப் பதிவு செய்யும்போது ஆய்வாளருக்கே கை நடுங்கியது. சாணித்தாள் வாசனைக்காக இன்றும் கண் கலங்கும் அதே மூக்கு, மாங்காவின் தாளைப் பார்த்துச் சுளிக்கிறது.

நான்காவது, நீளம். ஒன் பீஸ் 1997-இல் தொடங்கி 2021-இல் நூறு தொகுதியைத் தாண்டியது, இன்னும் முடியவில்லை என்றதும் என் அக்கா சமையற்கட்டிலிருந்தே தீர்ப்புச் சொன்னார்: ‘மகாபாரதமே பதினெட்டு பருவத்துல முடிஞ்சிருச்சு. இவனுக்கு என்ன கேடு?’ இந்த ஆய்வில் கிடைத்த தீர்ப்புகளிலேயே முன்முடிவு இல்லாதது இது ஒன்றுதான்.

ஜப்பானில் தீர்ப்பு வழங்கும் முறை வேறு. 1968-இல் தொடங்கிய ஷோனென் ஜம்ப் வார இதழோடு ஓர் அஞ்சலட்டை வரும்; பிடித்த மூன்று கதைகளைக் குறித்து அனுப்ப வேண்டும். அட்டைகளை எண்ணுவார்கள். பின்தங்கும் தொடரை, எழுதுபவர் எவ்வளவு அழுதாலும், சில மாதங்களில் நிறுத்திவிடுவார்கள். 1990-களின் நடுவில் வாரத்துக்கு 65 லட்சம் பிரதி விற்ற இதழ் என்பதால் தீர்ப்புக்கு ஒரு கனம் இருந்தது. சிம்மக்கல் நடுவர் இந்த முறையை ஏற்பதில்லை. பிடிக்காத கதையை நிறுத்திவிட்டால் பிறகு எதைத் திட்டுவது? ஆண்டு முழுக்க மொழிபெயர்ப்பில் குறை, அட்டைப்படத்தில் குறை, டெக்ஸின் மஞ்சள் சட்டை இந்த மாதம் வெளிறிவிட்டது என்று குறை. ஆண்டு இறுதியில் அடுத்த ஆண்டுச் சந்தாவை முதல் ஆளாகக் கட்டிவிட்டு, கூரியர் வந்துவிட்டதா என்று காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவரும் அவரே.

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும் விதி ஒன்று உண்டு. அதை நூற்பாவாக யாத்திருக்கிறேன். தமிழாசிரியர் நண்பர் யாப்பு இடிக்கிறது என்றதால் உரைநடையிலேயே தருகிறேன். புது இதழை நடுவர் பிற புது இதழ்களோடு ஒப்பிடுவதில்லை. தமக்குப் பத்து வயதானபோது கையில் கிடைத்த ஒன்றோடுதான் ஒப்பிடுகிறார். அந்த ஒன்று எதுவாயினும் அதற்குப் பின் வந்தவை எல்லாம் இறங்குமுகம். 1972-இல் பத்து வயதானவருக்கு முத்து காமிக்ஸோடு பொற்காலம் தொடங்கி, லயன் காமிக்ஸின் சிங்கம் வந்ததும் முடிந்தது. 1967-இல் அமர் சித்ர கதா தொடங்கியபோது அம்புலிமாமாவைக் கையில் வைத்திருந்தவர்கள், கட்டம் கட்டிப் போட்டால் அது கதையா என்று கேட்டிருப்பார்கள்.

இவ்விதி கிழவர்களுக்கு மட்டும் உரியதோ என்ற ஐயம் எழலாம். அதையும் சோதித்தேன். 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ படம் தமிழிலேயே பேசிக்கொண்டு திரையரங்குக்கு வந்தபோது, அக்கா மகள் தோழிகளோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எப்படி என்றேன்.

‘சூப்பர் மாமா. ஆனா என்ன இருந்தாலும் நரூட்டோ மாதிரி வராது. அதெல்லாம் ஒரு காலம்.’

வயது இருபது. நரூட்டோவை அவள் பத்து வயதில், அண்ணன் லேப்டாப்பில் பார்த்தவள். விதி நிறுவப்பட்டது.

ஆய்வின் பயனாக ஒரே ஒரு பரிந்துரை. தமுக்கம் புத்தகத் திருவிழாவிலோ, திலகர் திடல் சாக்கின் முன்னாலோ, டீக்கடையிலோ புதுக் காமிக்ஸுக்கும் மாங்காவுக்கும் தீர்ப்பு வழங்கும் பெரியோர்கள், தீர்ப்பின் கீழே தாம் பிறந்த ஆண்டையும் குறிப்பிட வேண்டும். அதோடு ஒரு பத்தைக் கூட்டிக்கொண்டு தீர்ப்பை எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதை வாசகர் தாமே முடிவு செய்துகொள்ளலாம்.

இக்கட்டுரையாளர் பிறந்த ஆண்டு 1974.